அச்சான வாக்குச்சீட்டும் விலகிய வேட்பாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகு வேட்பாளரை மாற்றித் தரும்படி கட்சிகள் நீதிமன்றப் படியேறுவது நம் நாட்டுக்கே உரிய கோளாறு என்றும், அமெரிக்காவில் சட்டத்தில் எழுதிய தேதியை எவரும் அசைக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயமானது, எடுத்துக்காட்டுதான் பொருந்தவில்லை. கெடு கடந்தபின் வேட்பாளரை மாற்றும் தகராறில் அந்த நாட்டுக் கட்சிகள் நமக்கு ஆசானாக இருக்கத் தகுந்தவை.

வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பல தேர்தல்களில் உதவித் தேர்தல் நடத்தும் அலுவலராக இருந்திருக்கிறேன். போட்டியிடும் வேட்பாளர்களின் இறுதிப் பட்டியலில் கையொப்பமான அன்று இரவே வாக்குச்சீட்டின் மாதிரிப் படியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடியதும், காவலர் துணையோடு கட்டுக்கட்டாக எண்ணி வாங்கி வந்ததும் இன்றும் நினைவில் இருக்கின்றன. 2002 இலையுதிர் காலத்தில் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த மாநிலமே ஒரு வேட்பாளர் மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பழைய தொழில் பாசத்தில் தினமும் பத்திரிகையை வரிவரியாகப் படித்தேன்.

அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அந்த மாநிலத்தின் உறுப்பினராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ராபர்ட் டாரிசெல்லி இரண்டாம் முறையாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தொழிலதிபரிடம் பரிசுப் பொருள்கள் பெற்ற விவகாரத்தில் செனட்டின் நெறிமுறைக் குழு ஜூலை மாத இறுதியில் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. செப்டம்பரில் வந்த கருத்துக் கணிப்புகளில் குடியரசுக் கட்சியின் டக்ளஸ் ஃபாரெஸ்டருக்குப் பின்னால் போய்விட்டார். செப்டம்பர் 30 அன்று, செனட்டில் தன் கட்சி பெரும்பான்மையை இழக்கத் தான் காரணமாக இருக்கப் போவதில்லை என்று கூறிப் போட்டியிலிருந்து விலகினார். வாக்குப்பதிவு நாள் நவம்பர் 5. இடையில் இருந்தவை 36 நாட்கள். நியூஜெர்சிச் சட்டமோ, தேர்தலுக்கு 51 நாட்களுக்கு முன்பு வரை ஏற்படும் காலியிடத்தைக் கட்சி நிரப்பலாம் என்றும், 48ஆம் நாளுக்குள் புதிய பெயரைத் தர வேண்டும் என்றும் அப்போது சொன்னது. ஆக, கெடு முடிந்து பதினைந்து நாட்கள் ஆகியிருந்தன.

இதே நிலை நம் ஊரில் வந்திருந்தால், தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'மணி மூன்றாகிவிட்டது, நீங்கள் போகலாம்' என்று சொல்லியிருப்பார். அங்கே ஜனநாயகக் கட்சி மாநில உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏழு நீதிபதிகளும் அக்டோபர் 2 அன்று வாதங்களைக் கேட்டு, அன்றே, ஒருமனதாக, பெயரை மாற்றலாம் என்று உத்தரவிட்டார்கள். 51 நாட்களுக்கு முன் ஏற்படும் காலியிடத்தை எப்படி நிரப்புவது என்று சட்டம் சொல்கிறதே தவிர, அதற்குப் பின் ஏற்படும் காலியிடத்தை நிரப்பவே கூடாது என்று சொல்லவில்லை. வாக்காளருக்குப் போட்டியான தேர்வு கிடைக்கும்படி தேர்தல் சட்டங்களைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கூறிய காரணம். புதிய வாக்குச்சீட்டை அச்சிடும் செலவுக்காக ஜனநாயகக் கட்சி 8 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும், படையினருக்கும் வெளிநாட்டில் இருப்போருக்கும் அனுப்ப வேண்டிய சீட்டுகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள். குடியரசுக் கட்சியினர் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே அக்டோபர் 7 அன்று தலையிட மறுத்துவிட்டார்கள். அப்போது 78 வயதான, ஏற்கெனவே செனட்டிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஃபிராங்க் லாட்டன்பர்க்கின் பெயர் சீட்டில் ஏறியது, அவரே வென்றார். இவரும் டாரிசெல்லியும் ஒரே கட்சியில் இருந்துகொண்டே பகைத்துக்கொண்டவர்கள் என்பது ஊரறிந்த செய்தி.

அந்தத் தீர்ப்பை அன்றும் என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. 'இந்தத் தேதி வரை நிரப்பலாம்' என்றால் அதற்குப் பின் நிரப்பக்கூடாது என்றுதான் பொருள். இல்லாவிட்டால் தேதி எதற்கு? ஆனால் நீதிபதிகள் கட்சிக்கு ஊழியம் செய்தார்கள் என்று குடியரசுக் கட்சியினர் எழுப்பிய கூச்சலையும் நான் ஏற்கவில்லை. அந்த ஏழு பேரில் ஆறு பேரை நியமித்தவர் குடியரசுக் கட்சி ஆளுநரான கிறிஸ்டீன் விட்மன். தலைமை நீதிபதி டெபோரா பொரிட்ஸ் அவருடைய அரசில் தலைமை வழக்கறிஞராகவே இருந்தவர். தீர்ப்பு தவறாக இருக்கலாம், அதை எழுதியவர்கள் விலைபோனவர்கள் என்று சொல்ல இடமில்லை. இத்தனை அமளிக்கும் பிறகு அந்த நவம்பரில் செனட் பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடமே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று இரு கட்சிகளும் பேசிய வசனங்களை நினைவில் வைத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகள் கழித்து டெக்சாஸில் நடந்ததைப் பார்க்க வேண்டும். குடியரசுக் கட்சியின் செல்வாக்கு மிக்க தலைவர்களில் ஒருவரான டாம் டிலே, 2006 மார்ச்சில் தன் தொகுதியின் உட்கட்சித் தேர்தலில் வென்று வேட்பாளரானார். அடுத்த மாதமே, வழக்குகளின் நெருக்கடியில், போட்டியிடப் போவதில்லை என்றார். அந்த மாநிலச் சட்டப்படி அந்தக் கட்டத்தில் தானாக விலகும் வேட்பாளரின் இடத்தில் கட்சி வேறொருவரை நிறுத்த முடியாது. வேட்பாளர் தகுதி இழந்தால் மட்டுமே முடியும். எனவே அவர் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார், டெக்சாஸ்வாசி அல்ல, ஆகவே தகுதி இழந்தார் என்று மாநிலக் கட்சித் தலைவர் ஜூனில் அறிவித்தார். நம் ஊர் உள்ளாட்சித் தேர்தல்களில் குடும்ப அட்டையை வைத்து நடக்கும் குடியிருப்புச் சர்ச்சைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தெரியாது. இம்முறை நீதிமன்றம் போனது ஜனநாயகக் கட்சி. நியூஜெர்சியில் வாக்காளரின் தேர்வுரிமைதான் பெரிது, தேதி சிறிது என்று வாதிட்ட அதே கட்சி, இங்கே சட்டத்தின் எழுத்தை அணுவளவும் மீறக்கூடாது என்றது. சட்டத்தின் எழுத்தே வேதம் என்று நியூஜெர்சியில் முழங்கிய கட்சி, தொகுதி மக்களுக்கு ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் இல்லாமல் போவது அநீதி என்று இங்கே கண்ணீர் வடித்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டு தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஓர் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படும் நாளில் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்பதுதான் அரசியல் சாசனம் கேட்பது; நவம்பரில் அவர் எங்கே வசிப்பார் என்று ஜூன் மாதத்திலேயே எவர் முடிவு செய்வது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குடியரசுக் கட்சி கடைசியில் ஷெல்லி செகுலா கிப்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்து, வாக்காளர்களே அவர் பெயரைச் சீட்டில் எழுதி வாக்களிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. ஹூஸ்டன் பகுதியில் அப்போது பயன்பட்ட மின்னணுக் கருவியில் ஒரு சிறு சக்கரத்தைத் திருகித் திருகி ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுத்துத்தான் அந்த நீளப் பெயரை உள்ளிட வேண்டும். வென்றவர் ஜனநாயகக் கட்சியின் நிக் லாம்ப்சன்.

2014இல் கன்சாஸில் இந்தக் கூத்து இன்னொரு வேடம் கட்டியது. செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் சாட் டெய்லர் செப்டம்பர் 3 அன்று விலகினார். சுயேச்சையாக நின்ற கிரெக் ஆர்மனுக்கு குடியரசுக் கட்சிக்கு எதிரான வாக்குகள் பிரியாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதாவது, ஜனநாயகக் கட்சிக்கு இம்முறை மாற்று வேட்பாளர் வேண்டாம். இடம் காலியாக இருந்தால் போதும். தேர்தல் பொறுப்பிலிருந்த மாநிலச் செயலர், குடியரசுக் கட்சியின் கிரிஸ் கோபாக், வென்றால் பதவியை வகிக்க இயலாத நிலையில் இருப்பதாக விலகல் கடிதத்தில் டெய்லர் எழுதவில்லை என்று காரணம் காட்டிப் பெயரை நீக்க மறுத்தார். சட்டப் பிரிவைக் கடிதத்தில் சுட்டியதே போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 18 அன்று ஒருமனதாகக் கூறிப் பெயரை நீக்கியது. உடனே, அப்படியானால் ஜனநாயகக் கட்சி மாற்று வேட்பாளரை நிறுத்தியே தீர வேண்டும் என்று வேறொரு வழக்கு வந்தது! எதிர்க்கட்சிக்கு வேட்பாளர் இல்லையே என்று ஒரு தரப்பு பதறி நீதிமன்றத்தில் நின்றதை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வழக்கு நிற்கவில்லை. தேர்தலில் குடியரசுக் கட்சியின் பேட் ராபர்ட்ஸ் வென்றார்.

இந்த மூன்று வழக்குகளிலும் கெடுவைப் பற்றி எந்தக் கட்சிக்கும் ஒரு நிலையான கொள்கை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தேதி தமக்கு உதவும்போது அது சட்டத்தின் ஆட்சி. இடைஞ்சல் செய்யும்போது அது வெறும் நடைமுறை நுணுக்கம். ஆகவே கட்சிகளின் வாதத்தை ஒதுக்கிவிட்டு, கெடு யாருக்காக வைக்கப்பட்டது என்று கேட்பதே சரி என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் அது முதலில் அச்சகத்துக்காகவும் அஞ்சலுக்காகவும் வைக்கப்பட்டது. நம்முடைய வாக்குச்சீட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், பதிவு பெற்ற பிற கட்சியினர் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசையில் வருவார்கள். ஒரு பெயரை எடுத்தால் கீழே உள்ள அத்தனை வரிசை எண்ணும் மாறும். மாறிய சீட்டை மீண்டும் மெய்ப்புப் பார்த்து, அச்சிட்டு, எண்ணி, எல்லையில் இருக்கும் படைவீரருக்கு அனுப்பி, அது திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் எத்தனை நாள் தேவை என்று பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதப்பட்டதுதான் அந்தத் தேதி. அமெரிக்காவில் வெளிநாட்டில் உள்ள வாக்காளர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாட்கள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும் என்று 2009இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2024இல் வட கரோலினா காட்டியது. குடியரசுத் தலைவர் தேர்தலில் தனித்து நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர், ஆகஸ்டு 23 அன்று பிரசாரத்தை நிறுத்தி டிரம்பை ஆதரித்தார். அதன்பின், போட்டி கடுமையாக இருந்த மாநிலங்களில் மட்டும் தன் பெயரை நீக்கச் சொன்னார். வட கரோலினாவில் லட்சக்கணக்கான அஞ்சல் சீட்டுகள் அதற்குள் அச்சாகிவிட்டன. சீட்டுகள் அஞ்சலில் சேர வேண்டிய செப்டம்பர் 6ஆம் தேதியன்றே பெயரை நீக்கும்படி உத்தரவு வந்தது. செப்டம்பர் 9 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. அதே நாளில் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் அதே மனிதரின் பெயர் சீட்டில் இருக்கட்டும் என்றது. வட கரோலினாவில் அச்சான சீட்டுகள் வீணாகி, வாக்காளர்களுக்குப் புதிய சீட்டு அனுப்பத் தொடங்கவே இரண்டு வாரம் பிந்தியது.

அப்படியானால் கெடு முடிந்தபின் எந்த நிலையிலும் மாற்றம் கூடாதா என்று கேட்கலாம். இறப்பை நான் தனியாகவே பார்க்கிறேன். தோற்றுவிடுவோம் என்று கணக்குப் போட்டு விலகுபவருக்கும், விமான விபத்தில் இறந்துபோனவருக்கும் ஒரே விதியைப் பொருத்த முடியாது. நியூஜெர்சித் தீர்ப்பில் எனக்குள்ள முதன்மையான குறையே அது இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான். அதே 2002 அக்டோபர் 25 அன்று, வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாட்களே இருந்தபோது, மின்னசோட்டாவின் செனட் உறுப்பினரும் வேட்பாளருமான பால் வெல்ஸ்டன் மனைவியோடும் மகளோடும் விமான விபத்தில் இறந்தார். அந்த மாநிலத்தில் இறப்புக்கென்று விதி இருந்ததால், முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்டர் மாண்டேல் வேட்பாளராக வந்ததை எவரும் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே அஞ்சலில் வாக்களித்தவர்களுக்குப் புதிய சீட்டை எப்படித் தருவது என்பதில்தான் வழக்கு வந்தது. கேட்பவர்களுக்கு அஞ்சலிலேயே அனுப்ப வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மாண்டேல் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். இதற்கு இரண்டு ஆண்டு முன்பு மிசூரியில் செனட் வேட்பாளராக நின்ற ஆளுநர் மெல் கார்னஹன் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் இதே போல் விமான விபத்தில் இறந்தபோது, பெயரை மாற்றச் சட்டத்தில் வழியில்லாமல் அது சீட்டிலேயே இருந்தது. இறந்தவரே வென்றார், அந்த இடத்துக்கு அவர் மனைவி நியமிக்கப்பட்டார். தோற்ற ஜான் ஆஷ்கிராஃப்ட் வழக்குப் போடாமல் ஒதுங்கிக்கொண்டதை, அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், பாராட்டத்தான் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இறப்பைப் பொறுத்தவரை நம் சட்டம் அவர்களுடையதைவிடத் தெளிவானது என்று துணிந்து சொல்வேன். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 52இன்படி, அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால் பதிவு தள்ளிவைக்கப்படும். அந்தக் கட்சி ஏழு நாட்களுக்குள் வேறொருவரை நிறுத்தலாம். மற்றவர்கள் புதிதாக மனு தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சுயேச்சை வேட்பாளர் இறந்தாலும் தேர்தல் நின்றுபோகும் நிலை இருந்தது. 1996 திருத்தத்துக்குப் பிறகு அது இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மத்தியப் பிரதேசத்தின் பெதுல் தொகுதியில் பகுஜன் சமாஜ் வேட்பாளர் இறந்ததும், ஏப்ரல் 26இல் நடக்கவிருந்த வாக்குப்பதிவு மே 7க்கு மாற்றப்பட்டது; யாரும் நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. 2023இல் ராஜஸ்தானின் கரண்பூரில் காங்கிரஸ் வேட்பாளர் இறந்து தேர்தல் தள்ளிப்போனபோது, இடையில் ஆட்சியைப் பிடித்த பாஜக, அந்தத் தொகுதியில் நின்றுகொண்டிருந்த தன் வேட்பாளரை வாக்குப்பதிவுக்கு முன்பே அமைச்சராக்கியது. காங்கிரஸ் கொதித்தது. மக்கள் அந்த அமைச்சரைத் தோற்கடித்து அனுப்பினார்கள்.

விலகலில்தான் நம் சட்டம் தடுமாறுகிறது. 2024இல் இந்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் அக்ஷய் காந்தி பம், மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளான ஏப்ரல் 29 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுப் பாஜகவில் சேர்ந்தார். காங்கிரஸ் ஒரு மாற்று வேட்பாளரை, நம் பேச்சு வழக்கில் சொன்னால் ஒரு 'டம்மி' வேட்பாளரை, மனு தாக்கல் செய்ய வைத்துத்தான் இருந்தது. ஆனால் முதன்மை வேட்பாளரின் மனு பரிசீலனையில் ஏற்கப்பட்டவுடன் மாற்று வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிடும் என்பது நடைமுறை. கட்சி வேட்பாளர் என்ற தகுதி போய்விட்டதால் அவர் பத்து முன்மொழிபவர்களோடு வந்திருக்க வேண்டும், வரவில்லை. உயர் நீதிமன்றமும் அவருக்கு உதவவில்லை. அந்தத் தேர்தலில் இந்தூரில் 2,18,674 பேர் 'நோட்டா'வை அழுத்தினார்கள். வெற்றி பெற்ற சங்கர் லால்வானி 11 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

காங்கிரசுக்கு நேர்ந்ததற்காக நான் வருந்தவில்லை. யாரை நிறுத்துகிறோம் என்று பார்த்து நிறுத்துவது அந்தக் கட்சியின் பொறுப்பு. என் கவலை அந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரைப் பற்றியது. இதற்காகக் கெடுவைத் தளர்த்த வேண்டும், நீதிமன்றம் நியூஜெர்சி பாணியில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கதவைத் திறந்தால், அடுத்த தேர்தலில் கருத்துக் கணிப்பைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கட்சியும் கடைசி வாரத்தில் ஆளை மாற்றக் கிளம்பிவிடும். மாற்று வேட்பாளரின் மனுவைப் பரிசீலனையன்றே தள்ளிவிடாமல், திரும்பப் பெறும் கெடு முடியும் மணி வரை உயிரோடு வைத்திருந்து, முதன்மை வேட்பாளர் அதற்குள் விலகினால் மட்டும் மாற்று வேட்பாளரை ஏற்றுக்கொள்வது என்று விதியைத் திருத்தினால் போதும். இறுதிப் பட்டியல் அதற்குப் பிறகுதான் கையொப்பமாகிறது, அச்சகத்துக்கு அதற்குப் பிறகுதான் போகிறது என்பதால் ஒரு சீட்டுகூட வீணாகாது, ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. கெடு முடிந்தபின் விலகுபவரின் பெயர் சீட்டில் அப்படியே இருக்கட்டும்.

தேர்தல் ஆணையத்தின் கவனத்துக்கு இந்த யோசனை போய்ச் சேருமா என்று தெரியாது. அன்பரின் கடிதத்தைப் போலவே இதையும் தாங்கள் வெளியிட்டால், பணியில் இருக்கும் தேர்தல் அலுவலர்கள் யாரேனும் இதில் நடைமுறைச் சிக்கல் இருந்தால் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர்,
கும்பகோணம்.